மதாம்மாவின் பத்திரிகை

அழகியநம்பி பத்திரிகை தொடங்கப்போவதாகச் சொல்ல ஆரம்பித்து இருபத்திரண்டு வருடங்கள் ஆகிவிட்டன. திருவனந்தபுரத்துத் தமிழர்களுக்கென்று ஒரு வார இதழ். 'தென்முனை' என்று பெயர்கூட வைத்தாயிற்று. நாகர்கோவில் நாளிதழ் ஒன்றுக்குப் பகுதிநேர நிருபராக இருந்துகொண்டே, ஊரின் பழைய சந்தையான சாலைக் கடைத்தெருவில் யார் கேட்டாலும் "வர்ற சித்திரைக்கு" என்பார்.

அதற்குள் நோரா தொடங்கிவிட்டாள். அயர்லாந்துக்காரி; கடைத்தெருக்காரர்களுக்கு 'மதாம்மா'. பாளையங்கோட்டைக்கு ஆராய்ச்சிக்கு வந்து தமிழ் படித்தவள், ஆரியசாலை அனீஷைக் கல்யாணம் செய்துகொண்டு இங்கேயே தங்கிவிட்டாள். மாமனாரின் அரிசிக் குடோன் மாடியில் இரண்டு மேஜை, ஒரு கம்ப்யூட்டர். அனீஷ் பெயரில் பதிவு. 'சாலைச் செய்தி' என்று எட்டுப் பக்கம் வெளிவந்துவிட்டது.

"நம்பியண்ணே, மதாம்மா பேப்பர் பாத்தீங்களா? கொள்ளாம் கேட்டீங்களா!" என்று மெச்சினார் பாத்திரக்கடை தாணுமாலையன்.

நம்பி வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிழை தேடினார். முதல் பக்கத்திலேயே பதினொன்று. மனசு கொஞ்சம் ஆறியது. ஆனால் மூன்றாம் பக்கத்தைத் திருப்பியதும் பேனாவைக் கீழே வைத்தார். துணிக்கடைகளில் நிற்கிற பெண்களுக்குக் கழிப்பறை இல்லை, அதனால் பகல் முழுக்கத் தண்ணீர் குடிப்பதில்லை என்று ஒரு கட்டுரை. எழுதியவர் முத்தாரம்மாள். நம்பியின் மனைவி.

"நீ எப்போ எழுத ஆரம்பிச்ச?"

"அந்த நோரா நான் நிக்கிற துணிக்கடைக்கு வந்து கேட்டா. நான் சொன்னேன். நீங்களே எழுதுங்கன்னுட்டா."

"என்கிட்டச் சொல்லியிருக்கலாம்லா?"

"பதினாலு வருஷமா அதே கடைல நிக்கேன். உங்களுக்கு அது நியூஸா தோணலியே." முத்தாரம்மாள் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் அதிகம் உறைத்தது.

இரண்டே வாரத்தில் வியாபாரிகள் சங்கம் கழிப்பறைக்கு இடம் ஒதுக்கியது. பழவங்காடியில் முன்பின் தெரியாதவர்கள் முத்தாரம்மாளை நிறுத்திப் பேசினார்கள். பக்கத்தில் நம்பி பையைப் பிடித்துக்கொண்டு நின்றார். அன்றைக்குத்தான் கலெக்டர் ஆபீசுக்கு ஒரு மனுவை டைப் செய்து, பெயர் போடாமல் தபாலில் சேர்த்தார். வெளிநாட்டுப் பெண் ஒருத்தி கணவர் பெயரை முன்னால் வைத்துச் சட்டவிரோதமாகப் பத்திரிகை நடத்துகிறாள், விசாரிக்க வேண்டும்.

விசாரணை வந்தது. அச்சகக்காரர் பயந்துபோய், முடிவு தெரியாமல் அடிக்க மாட்டேன் என்றார். இதழ் நின்றது. நம்பி எதிர்பார்த்த சந்தோஷம் மட்டும் வரவில்லை. தாணுமாலையன் தினமும் "பேப்பர் எப்பம் வரும்?" என்று அவரிடமே கேட்டார். 'தென்முனை'யைப் பற்றி ஒருவர்கூடக் கேட்கவில்லை.

மூன்றாம் வாரம் நோரா வீட்டுக்கே வந்தாள். கையில் மனுவின் நகல்.

"மனு தமிழ்ல இருக்கறதால பதிலும் தமிழ்லயே எழுதணும் சார். எனக்கு ஆபீஸ் தமிழ் வராது. உதவி பண்ணுவீங்களா?"

நகலை நம்பி முன்னால் விரித்து வைத்தாள்.

"நாலு தடவை படிச்சேன்," என்றாள் அவள். "ஒரு பிழை இல்லை. ஒவ்வொரு ஒற்றும் அதனதன் இடத்துல இருக்கு. சாலையில இப்படி எழுதறவங்க எனக்குத் தெரிஞ்சு ஒரே ஒருத்தர்தான்."

சமையலறையில் முத்தாரம்மாளின் பாத்திரச் சத்தம் நின்றது.

"நான்தான்," என்றார் நம்பி.

"அது எனக்குத் தெரியும். இப்போ பதிலை எழுதுங்க."

எழுதினார். அனீஷ்தான் உரிமையாளர், வெளியீட்டாளர், நோரா மனைவி என்ற முறையில் முறையான அனுமதியோடு இங்கே வாழ்பவர், மறைத்தது எதுவுமில்லை. தன் மனுவைத் தானே வரிவரியாக உடைத்தார். பத்து நாளில் விசாரணை முடிந்தது, பத்திரிகை மறுபடி வந்தது. நிறுத்தியது யார் என்று அதில் ஒரு வரி இல்லை.

முத்தாரம்மாள் நான்கு நாள் அவரோடு பேசவில்லை. ஐந்தாம் நாள் சோறு பரிமாறும்போது சொன்னாள்: "அவ நெனைச்சிருந்தா உங்க பேரை முதல் பக்கத்துல போட்டிருக்கலாம். போடல்ல."

நம்பி தலைகுனிந்து சாப்பிட்டார். அவள் சொன்னது நியாயம். என்றாலும், தன்னைக் காட்டிக்கொடுக்காத அந்தப் பெருந்தன்மையும் நோராவுக்கே வாய்த்ததை நினைத்தபோது அவருக்கு வயிறு எரிந்தது.