மேகவல்லிக்குப் பிறந்த ஊர்

புருஷனின் வலப்பக்க மீசைக்கு எண்ணெய் தொட்டு முறுக்கி முடித்து, ஜெயக்கொடி இடப்பக்கத்துக்கு விரலைக் கொண்டுபோனபோதுதான் வாசலில் மாட்டுவண்டி வந்து நின்றது. ஆனையூர் வண்டி. புருஷனின் அண்ணன் வெள்ளைத்துரை வந்துவிட்டார். எண்ணெய்க் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுச் சுவரோரம் ஒதுங்கி நின்றாள்.

நல்லகாமன் பாயில் கிடந்தான். விடியக்காலம் கருப்பட்டிக் காப்பி கேட்டு வாங்கிப் பாதி குடித்து, "இன்னிக்கு நல்லா இருக்குடி" என்று சொல்லிச் சுவரில் சாய்ந்தவன்தான், பிறகு மூச்சில்லை. மூன்று மாதம் நெஞ்சுச் சளியோடு மல்லுக்கட்டிய மனுஷனுக்கு இப்படியொரு சுலபமான போக்கு கிடைத்ததே என்று அவளுக்கு ஆறுதல். அழ வேண்டியதை அழுது முடித்திருந்தாள். பதினேழு வருஷம் அவனோடு வாழ்ந்ததை நினைத்தால் மனசு நிறைந்துதான் இருந்தது. ஒரே ஒரு குறை. ஆனையூரில் ஒரு வாயாவது அவளை நல்லகாமன் பெண்டாட்டி என்று சொன்னதில்லை.

எப்படிச் சொல்வார்கள்? அவள் நாடகக்காரி. எந்த ஊர், எந்த வீடு என்று அவளுக்கே தெரியாது. பஞ்ச காலத்தில் ஐந்து வயதுப் பிள்ளையாக யாரோ நாடகக் கம்பெனி வாசலில் விட்டுப் போனவள். குரல் மட்டும் சாமி கொடுத்தது. அதை வைத்து ஸ்திரீபார்ட் ஆனாள். நல்லகாமன் ராஜபார்ட். ஜில்லா முழுக்க இருவரும் நடித்துப் பேர் வாங்கிய நாடகம் 'மழைச்சிறை'.

கதை பெரிசாக ஒன்றுமில்லை. வீரகேது ராஜாவின் நாடு காய்ந்து கிடக்கிறது. எதிரி நாட்டில் மேகவல்லி என்றொரு பெண் பாடினால் மழை வரும் என்று கேள்விப்பட்டு, சிறைபிடித்து விலங்கு மாட்டுகிறான். அவள் பாடுகிறாள், மழை கொட்டுகிறது. ராஜாவின் மனசும் சேர்ந்து கரைகிறது. விட்டால் குடிகள் பட்டினி, விடாவிட்டால் தர்மத்துக்குக் கேடு. கடைசியில் தானே விலங்கைத் திறந்து, "போய் வா" என்கிறான். மேகவல்லி இரண்டடி போவாள், திரும்பி வருவாள். அந்த இடத்தில் கொட்டகை கூரை பிய்ந்து போகும் அளவுக்கு விசில் பறக்கும்.

நல்லகாமன் மேடையிலும் வீட்டிலும் ஒரே ஆள்தான். மாமன் மகளை வேண்டாமென்று ஆனையூரில் நின்று நேருக்கு நேர் சொல்லிவிட்டுத் திருப்பரங்குன்றத்தில் ஜெயக்கொடிக்குத் தாலி கட்டினான். வருஷம் தவறாமல் குலசாமி கும்பிடத் தனியாகப் போய், செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு வருவான். "உன்னையும் கூப்பிடுற அன்னிக்குச் சேர்ந்து போவோம்டி" என்பான். காளவாசலில் இருக்கும் இந்த வீட்டு வாசலை வெள்ளைத்துரை இன்றைக்குத்தான் மிதிக்கிறார்.

அவர் தம்பி முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். துண்டால் கண்ணைத் துடைத்தார். பிறகு சுவரைப் பார்த்துப் பேசினார்.

"தம்பிய ஊருக்குக் கொண்டுபோறேன். எங்கப்பன் கிடக்குற மண்ணுலதான் அவனும் கிடக்கணும்."

"நானும் வாரேன் மாமா."

"வந்து? எந்த முறையில உக்காருவ? புருஷன் செத்தா, கூடப் பொறந்தவக புதுச்சேல கொண்டாந்து போத்தணும். பொறந்த வீட்டுக் கோடி இல்லாதவள எங்க ஊருல பொண்டாட்டின்னு ஒத்துக்க மாட்டாக. உனக்கு யாரு போடுவா, சொல்லு?"

"காசிமாயன்..."

"அவன் எனக்குப் பங்காளி. எங்க வீட்டு ஆளு எங்க வீட்டுக்கே கோடி போடுவானா? நல்லாருக்கே கூத்து!"

காசிமாயன் நாடகத்தில் பபூன். நிழல் மாதிரி நல்லகாமனோடு திரிந்தவன். அந்தப் படுபாவியைத்தான் காலையிலிருந்து காணவில்லை. உயிர் போனதும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே ஓடினவன். இத்தனை வருஷம் என் கையால் தின்ற சோறு உனக்குச் செரிக்குமாடா என்று ஜெயக்கொடி மனசுக்குள் திட்டித் தீர்த்தாள்.

"பொழுது சாயறதுக்குள்ள எடுக்கணும்" என்றார் வெள்ளைத்துரை. "அதுவரைக்கும் வேணா உக்காந்து பாத்துக்க." குரலில் கோபமில்லை. முறை என்று ஒன்று இருக்கிறது, அதற்கு அவர் என்ன செய்வார்? முறை தவறாததில் அவர் தம்பியைப் போலவேதான் அவரும்.

ஜெயக்கொடி உட்கார்ந்தாள். நாடகத்தில் விலங்கு கழன்றதும் மேகவல்லிக்குப் போக ஒரு நாடாவது இருந்தது. நமக்கு அதுகூட இல்லையே என்று நினைத்தாள். எல்லா ஊரும் அவள் ஊர்தான், மேடையில். விலங்கோடு அவளை இழுத்து வரும்போது காசிமாயன் குறுக்கே பாய்ந்து, "அடப்பாவிகளா, இது நம்ம ஊருப் பொண்ணுல்ல! பாத்துக்கிட்டா இருக்கீக?" என்று கத்துவான். ஆனையூர்ப் பக்கம் போனாலும் அதே வசனம், திருமங்கலம் போனாலும் அதே வசனம். ஜனம் விழுந்து விழுந்து சிரிக்கும்.

மேலூருக்குக் கிழக்கே செம்மணிப்பட்டியில் மட்டும் ஒருத்தரும் சிரிக்கவில்லை. அங்கே மூன்று வருஷமாகச் சொட்டு மழையில்லை. நாடகம் போட்ட அன்றைக்கு அவள் பாடிய பாட்டு முடியவில்லை, வானம் பிளந்துகொண்டு ஊற்றியது. பந்தல் சரிந்தது, ஆர்மோனியம் நனைந்தது, ஜனம் நனைந்துகொண்டே நின்று கும்பிட்டது. மறுநாள் காலை பேயாண்டி என்ற பெரியாள் சேலையும் மஞ்சளும் கொண்டுவந்து, "ஊருப் பொண்ணு வெறுங்கையோட போகப்படாது தாயி" என்று கொடுத்தார். பபூன் சொன்னதை அப்படியே நம்பிவிட்டார்களாம்! அதிலிருந்து வருஷா வருஷம் திருவிழாவுக்கு அழைப்பு, சேலை. கம்பெனியே வயிறு வலிக்கச் சிரித்தது. நல்லகாமன் ஒருத்தன்தான் சிரிக்கவில்லை.

வெள்ளைத்துரை எழுந்து வேட்டியை இறுக்கிக் கட்டினார். "எடுங்கப்பா" என்று வண்டிக்காரர்களைப் பார்த்துச் சொல்லவும், தெருமுனையில் ஆள் அரவம் கேட்கவும் சரியாக இருந்தது.

முன்னால் காசிமாயன் வந்தான், முழங்கால் வரை செம்மண் புழுதி. பின்னால் துண்டைத் தலையில் கட்டிய எட்டுப் பேர். நடுவில் பேயாண்டி, கையில் தாம்பாளம், அதில் மடிப்புக் கலையாத புதுச் சேலை.

"வையாதீக மதினி" என்றான் காசிமாயன். இப்போதுதான் அவனுக்கு அழுகை வந்தது. "அண்ணன் நாலு நாளைக்கு முந்தியே சொல்லிருச்சு. 'நான் கண்ண மூடுனதும் நின்னு அழாதடா. மொத பஸ்ஸப் பிடிச்சு செம்மணிப்பட்டிக்குப் போ. அவளுக்கு ஊரு இருக்கு'ன்னு."

ஜெயக்கொடி பாயில் கிடந்தவனைப் பார்த்தாள். அட மனுஷா, என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா நீ?

வெள்ளைத்துரை வாசலை மறித்து நின்றார். "நீங்க இவளுக்கு என்ன முறை?"

"பொறந்தவக. எங்க ஊருப் பொண்ணு" என்றார் பேயாண்டி.

"அய்யா, அது பபூன் நாடகத்துல சொன்னது."

"சரிங்க. மழ பெஞ்சது நாடகத்துலயா?"

வண்டி மாடு ஒன்று கழுத்தை ஆட்டியது. வெள்ளைத்துரை தம்பியைத் திரும்பிப் பார்த்தார். இந்தப் பயல் செத்தும் முறை தவறாமல் ஏற்பாடு பண்ணிவிட்டுப் போயிருக்கிறான் என்று அவருக்குத் தோன்றியதோ என்னவோ, தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு வழிவிட்டார்.

"போத்துங்க" என்றார்.

பேயாண்டி சேலையைப் பிரித்து அவள் தலைமேல் போர்த்தினார். புதுத்துணிக் கஞ்சி வாசனை மூக்கில் ஏறியது. எட்டுப் பேரும் சேர்ந்து ஒரே குரலில் அழுதார்கள், சொந்தத் தங்கை வாழ்வு போனதற்கு அழுகிற அழுகை. அதைக் கேட்டுத்தான் அவள் இரண்டாம் முறை அழுதாள். துக்கம் பாதி, என்னவென்று சொல்லத் தெரியாத ஒரு நிறைவு பாதி.

நல்லகாமனைத் தூக்கி வண்டியில் வைக்கோல் பரப்பிக் கிடத்தினார்கள்.

"ஏறு தாயி" என்றார் வெள்ளைத்துரை. இந்தத் தடவை சுவரைப் பார்த்துச் சொல்லவில்லை. "உன் புருஷன் தலைமாட்டுல உக்காரு."

ஜெயக்கொடி வண்டியை நோக்கி இரண்டடி வைத்தாள். என்னவோ நினைத்துக்கொண்டு திரும்பி வீட்டுக்குள் போனாள். எல்லோரும் காத்து நின்றார்கள். எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து ஏறினாள்.

வண்டி காளவாசலைத் தாண்டி வடக்கே திரும்பியது. ஆட்டத்தில் எண்ணெய் சிந்தாமல் கிண்ணத்தை மடியில் இடுக்கிக்கொண்டு, விரலால் தொட்டு, இடப்பக்க மீசையை நிதானமாக முறுக்கிவிட்டாள்.