வடக்கு ஜன்னலில் எட்டுப் பாட்டு

கிருபானந்தம் தோலைத் தடவி ரகம் பிரிக்கிறவர். ஆம்பூர்ப் பக்கம் ஒரு தோல் ஷாப்பில் இருபத்தாறு வருஷமாக அதே மேஜை, அதே வடக்கு ஜன்னல். ஒன்றிலிருந்து ஆறு வரை நம்பர், ஒன்றுதான் உசத்தி. மூன்றுக்குள் வந்தால் கப்பலேறும், அதற்குக் கீழே என்றால் உள்ளூர். நம்பரை அவர் வாயால் சொல்லவே மாட்டார். சொன்னால் தோல் கொண்டுவந்தவன் சண்டைக்கு வருவான், இல்லாவிட்டால் தன் குடும்பக் கஷ்டத்தை எடுத்துவிடுவான். அதனால் தோலைத் திருப்பி, முதுகில் சாக்பீஸால் நம்பரைப் போட்டுவிட்டு அடுத்ததுக்குப் போய்விடுவார். நம்பரே போடவில்லை என்றால் ரிஜெக்ட்.

வாணியம்பாடியிலிருந்து வேலூர் வரைக்கும் அவர் கைக்கு அப்படியொரு மரியாதை. காதுக்குத்தான் ஒரு மரியாதையும் கிடையாது. சர்ச்சில் அவர் வாயைத் திறந்து பாட ஆரம்பித்தால் முன் பெஞ்சுக்காரர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். அப்பேர்ப்பட்ட மனுஷன் தலையில்தான் 1998-ஆம் வருஷம் ஒரு ராக் கேசட் வந்து விழுந்தது.

கொண்டுவந்தவன் அவருடைய ஒரே பையன் ஜெர்சன். பி.காம். முடித்துவிட்டு, முடியைத் தோள்வரைக்கும் வளர்த்துக்கொண்டு, மூன்று தோஸ்துகளைச் சேர்த்து ஒரு பேண்ட் ஆரம்பித்திருந்தான். பேண்டின் பெயர் 'சுண்ணாம்புத் தொட்டி'. தோலில் மயிர் உதிர ஊறப்போடும் தொட்டி அது. பேர் வைக்க வேறு இடமே கிடைக்கவில்லையா என்று அவன் அம்மா ஜெயபுஷ்பம் கேட்டது நியாயம்தான். முதல் கேசட், எட்டுப் பாட்டு. வேலூர் லாங் பஜாரில் கேசட் கடை வைத்திருக்கும் வாஹித் பாஷா அதை அரை நிமிஷம் ஓடவிட்டு நிறுத்திவிட்டார். வாஹித் பாஷா முன்பு தன் அப்பாவோடு தோல் வியாபாரம் பார்த்தவர்.

"எனக்கு இதுல ஒண்ணும் புரியல தம்பி. உங்கப்பா மூணுக்குள்ள நம்பர் போட்டாருன்னா, கடை வாசல்லயே போஸ்டர் ஒட்டி விக்கிறேன்" என்றார்.

பாட்டுக்குத் தோல்காரர் நம்பர் போடுவதா என்று கேட்காதீர்கள். அந்த ஊரில் கல்யாணப் பட்டு எடுக்கப் போனால்கூடத் தடவிச் சொல்ல அவரைத்தான் கூட்டிக்கொண்டு போவார்கள்.

ஜெர்சன் வீட்டுக்கு வந்து வீறாப்பாகச் சொன்னான்: "ப்பா, நீங்க ரிஜெக்ட்டுன்னுட்டா கிடாரை வித்துட்டு, முடிய வெட்டிட்டு, திங்கக்கிழமை உங்க மேஜைக்கு வர்றேன்."

கிருபானந்தத்துக்கு உள்ளுக்குள் மத்தாப்புக் கொளுத்தினாற்போல் இருந்தது. இரண்டு வருஷமாக அவர் ஜெபத்தில் கேட்டுக்கொண்டிருந்ததே இதைத்தான். ஆனால் வீட்டில் கேட்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

"சனிக்கிழமை ஷாப்புக்கு எடுத்துக்கினு வா. வடக்கு ஜன்னல்ல, பத்துலேர்ந்து மூணுக்குள்ள. லைட்டு வெளிச்சத்துல பாக்கறது ஏமாத்து வேலை."

"இது பாட்டுப்பா! பாட்டுக்கு இன்னாத்துக்கு வெளிச்சம்?"

"எதுவா இருந்தா இன்னா? என் மேஜைக்கு வந்தா வெளிச்சம் வேணும்."

சனிக்கிழமை பத்து மணிக்கு, கொண்டுவந்த கிடாரைச் சுவரில் சாய்த்துவிட்டு, டேப் ரிக்கார்டரை மேஜைமேல் வைத்து ஜெர்சன் பொத்தானை அமுக்கினான். அட கடவுளே, அதென்ன சத்தம்! எடுபிடி வேலை பார்க்கும் வேலு கையில் ஸ்பேனரோடு ஓடிவந்து, "சார், எந்த மெஷின் ஒடிஞ்சுது?" என்றான். கிருபானந்தத்தின் காது முதல் பாட்டிலேயே தீர்ப்பு சொல்லிவிட்டது: ரிஜெக்ட், சந்தேகமே இல்லை. திங்கட்கிழமை பையனுக்கு ஒரு ஏப்ரன் தைக்கச் சொல்ல வேண்டும் என்றுகூட நினைத்துவிட்டார்.

ஆனால் இருபத்தாறு வருஷத்தில் கை படாமல் ஒரு சரக்கையும் அவர் தள்ளியதில்லை. அந்த நாணயம் அவரைச் சும்மா விடவில்லை. ரெண்டாவது பாட்டில் எழுந்துபோய் உள்ளங்கையை ஸ்பீக்கர்மேல் வைத்தார்.

வைத்தவர் வைத்தவர்தான். காது அலறிக்கொண்டிருக்க, கை அமைதியாக வேலை பார்த்தது. கனம் சீராக இருந்தது. எங்கேயும் தொளதொளவென்று இல்லை. அமுக்கினால் திருப்பி அமுக்கியது. மூன்றாவது பாட்டில் ஒரு இடத்தில் மட்டும் மெலிந்து, பையனின் குரல் கிழிந்தது. அவர் விரல் அங்கே ஒரு தரம் நின்று, மேலே போனது. எட்டாவது பாட்டு முடிந்தபோது முழங்கைவரைக்கும் மயிர் கூச்செறிந்திருந்தது. பாழாய்ப்போன கை! இதைப் போய் நல்ல சரக்கு என்கிறதே!

சாக்பீஸை எடுத்தார். கேசட் டப்பாவில் எழுதினால் பிளாஸ்டிக்கில் வழுக்கியது, ஒரு கோடுகூடப் பதியவில்லை. அந்த நேரம் பார்த்து ஜெர்சன் திரும்பி நின்று, கிடாரைப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தான். கறுப்பு டீ ஷர்ட், அகலமான முதுகு. அவர் கை பழக்கத்தில் போய் நம்பரைப் போட்டுவிட்டது.

முதுகில் பட்டதை, போ என்று தள்ளுகிறார் என்று ஜெர்சன் நினைத்தான். மேஜையைப் பார்த்தான். டப்பாவைத் திருப்பிப் பார்த்தான், நம்பர் இல்லை. தோல்காரர் வீட்டுப் பிள்ளைக்கு அதற்கு அர்த்தம் சொல்லித் தர வேண்டுமா?

"சரிப்பா. திங்கக்கிழமை வர்றேன்" என்றான். கேசட்டையும் டேப் ரிக்கார்டரையும்கூட எடுக்காமல் கிடாரைத் தூக்கிக்கொண்டு வேலூர் பஸ்ஸுக்குப் போய்விட்டான்.

ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தால் போதும். கிருபானந்தம் கூப்பிடவில்லை. பையன் கைக்கு வருகிறான், வரட்டுமே! நான் பொய் சொல்லவில்லையே, நம்பர் போட்டேனே, அவன் பார்க்காததற்கு நானா பொறுப்பு? இப்படித் தனக்குத்தானே வக்காலத்து வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்து, அப்படியே மூடிவிட்டார். அவர் செய்தது திருட்டுத்தனம் என்று சோற்றுக்கே தெரிந்துவிட்டது போலிருந்தது.

இரண்டு மணிக்கு ஆபீஸில் போன் அடித்தது. வாஹித் பாஷா.

"கிருபா சார், உங்க பையன் இங்க வந்து அழுவுறான். ரிஜெக்ட்டாம், கிடாரை வித்துக் குடுன்றான். பேஜாரா கீது சார். ஆனா இங்க குடுத்து வெச்சிருந்த போஸ்டரக் கிழிக்கத் திரும்பினான் பாருங்க, முதுகுல ரெண்டுன்னு போட்டிருக்குது. கை தவறிப் பட்டுடுச்சா? சொல்லுங்க, தட்டி வுட்டுடறேன்."

தட்டிவிட்டால் போதும். திங்கட்கிழமை மேஜைக்கு அந்தப் பக்கம் ஜெர்சன் நிற்பான். கிருபானந்தம் தன் கையைப் பார்த்தார். விரலிடுக்கில் சாக்பீஸ் பொடி இருந்தது.

"பாய், என் கை என்னிக்காவது தவறியிருக்குதா?"

அந்தப் பக்கம் வாஹித் பாஷா கத்தினார்: "யா அல்லா! நெஜமாவே ரெண்டா! எங்கப்பா ஆயுசுக்கும் உங்க கையால ஒரு ரெண்டு வாங்கல சார்!"

போன் கை மாறியது.

"ப்பா... ரெண்டாப்பா?"

"ஆமா."

மூக்கை உறிஞ்சும் சத்தம். உடனே, கொழுப்பைப் பாருங்கள், "ஏம்ப்பா ஒண்ணு போடல?" என்று கேட்டான்.

"மூணாவது பாட்டுல ஒரு எடத்துல கொரல் கிழிஞ்சுது. ஒண்ணு போட்டா அது பாசம். நம்பர் இல்ல."

"அது உங்களப் பத்தின பாட்டுப்பா" என்றான் ஜெர்சன். "அந்த எடத்துல மட்டும் எத்தன வாட்டி பாடியும் கொரல் நிக்கல."

கிருபானந்தம் போனை வைத்துவிட்டு மேஜைக்கு வந்தார். நம்பர் போட்ட சரக்கை மறுபடி தொடுகிற வழக்கம் அவருக்குக் கிடையவே கிடையாது. கேசட்டைப் பின்னால் ஓட்டி மூன்றாவது பாட்டைப் போட்டார். உள்ளங்கையை ஸ்பீக்கர்மேல் வைத்துக்கொண்டு, அந்த இடம் வருவதற்காகக் காத்திருந்தார்.

வேலு காதைப் பொத்திக்கொண்டு எட்டிப் பார்த்தான். "நம்பர மாத்தப் போறீங்களா சார்?"

"இல்லடா. ரெண்டு ரெண்டுதான்" என்றார். "மூணு மணி ஆவ இன்னும் நேரம் கீது. சும்மா தொட்டுக்கினு இருக்கறேன்."