சாய்வெழுத்தில் இரண்டு பெயர்கள்

1
தபாலில் வந்த ஒரு கல்யாணப் பத்திரிகையிலிருந்து கிளம்பியது இந்தக் கதை. கல்யாணத்துக்கு நான் போகவில்லை. எழுத்தைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன். ஆங்கிலப் பெயர்கள் வலப்பக்கம் லேசாகச் சாய்ந்து, மெலிந்து, தடித்து, நுனிதோறும் ஊசிக்கால் ஊன்றி நின்றன.

முதல் தொடக்கம்: 'திருத்தங்கலில் அன்று விடாமல் மழை பெய்துகொண்டிருந்த—' (அடித்துவிட்டேன். அந்த வறண்ட ஊரில் விடாமல் பெய்தால் அதுவே தனிக்கதை.)

இரண்டாவது: ரோஷினி, திருத்தங்கல் அச்சகம் ஒன்றில் கம்ப்யூட்டரில் டிசைன் செய்பவள். போதும், இதுவே இருக்கட்டும்.

2
வெடிப்பெட்டிக்கு அந்தச் சாய்வெழுத்து ஆகாது என்பது அவள் கட்சி. வெடி என்றால் எழுத்து நிமிர்ந்து, கொழுத்து, ஓரத்தில் தீப்பிடித்து நிற்க வேண்டும். சாய்வெழுத்து காதோடு பேசுவது. சென்ட் பாட்டில், நகைக்கடைப் பை, கல்யாணப் பத்திரிகை, அதோடு சரி.*

* தமிழுக்கு? ஆங்கிலத்தில் சாய்வை அதற்கென்றே தனியாக வரைந்திருக்கிறார்கள். அவள் கம்ப்யூட்டரில் தமிழைச் சாய்த்தால், பஸ் திரும்பும்போது நின்றுகொண்டு வருகிறவர்களைப் போலிருக்கும்.

3
மணிகண்டராஜ், பட்டாசுக் கம்பெனி ஒன்றின் லேபிள் ஆர்டரோடு அங்கே வந்துபோகிறவன். "வீட்டுல பேசட்டுமா?" என்று அவன் கேட்டபோதெல்லாம், "சீசன் முடியட்டும்லே" என்றாள். லேபிள் முடிந்தால் காலண்டர், காலண்டர் முடிந்தால் முகூர்த்தப் பத்திரிகை, மறுபடி லேபிள்.

('அவள் அப்பாவுக்குப் பயந்தாள்' என்று எழுதிப் பார்த்தேன். பயப்படுகிற ஆளாகத் தெரியவில்லை. வேலை இருந்தது, அவன் எங்கே போய்விடப் போகிறான் என்று நினைத்தாள். இவ்வளவு அற்பமான காரணத்துக்கு வருத்தப்படுவதுதான் கஷ்டம்.)

வேலையில்லாத ஒரு மத்தியானம் விளையாட்டாகத் தங்களுக்கே ஒரு பத்திரிகை செய்தாள். சாய்வெழுத்தில் இரண்டு பெயர்கள். "நம்மள விட எழுத்து அழகா இருக்குல்லா" என்றான் அவன்.

4
வீட்டில் பார்த்த ஆர்த்தி என்கிற பெண்ணோடு நிச்சயமானதும் மணிகண்டராஜ் பத்திரிகை அடிக்க இங்கேயே வந்தான். (வேறு அச்சகத்துக்கு அனுப்பிப் பார்த்தேன். இந்த அச்சகத்து முதலாளி நல்லசிவம் அண்ணாச்சி கோபித்துக்கொள்வாராம்.)

"எந்த எழுத்து போட?" என்றாள் ரோஷினி.

"அந்தச் சாஞ்சதே இருக்கட்டும்."

"வெடி விக்கிறவனுக்கு எதுக்குலே அம்புட்டு ஒயிலு?"

அவன் சிரிக்கவில்லை.

அச்சகத்தில் யாரும் புதுப் பத்திரிகையைப் புதிதாகச் செய்வதில்லை. பழையதைத் திறந்து பெயரை மாற்றுவார்கள். ரோஷினி அந்த மத்தியானத்துப் பத்திரிகையைத் திறந்தாள். எல்லா இடத்திலும் மாற்றினாள். உள்பக்கத்தில் ஒன்று தப்பிவிட்டது.

சரிபார்க்கக் கொடுத்த புரூஃபில் வரிவரியாக வந்த அவன் விரல், மணமகள் பெயரில் நின்றது. ரோஷினி.

"விட்டுப்போச்சு" என்றாள்.

"மாத்தணுமா?" என்று கேட்டான்.

உள்ளேயிருந்து அண்ணாச்சி: "ஏம்மா, அச்சடிக்கப் பிளேட்டுக்கு அனுப்பியாச்சா?"

5
முடிவு ஒன்று: 'மாத்த வேண்டாம்' என்கிறாள். (ஆர்த்திக்கு யார் பதில் சொல்ல? அந்தப் பிள்ளைக்கு இந்தக் கதையில் ஒரு வரிகூடக் கொடுக்கவில்லை நான்.)

முடிவு இரண்டு: மாற்றிவிட்டு அழுகிறாள். (அழச் சொன்னால் முறைக்கிறாள்.)

முடிவு மூன்று: அவள் மெதுவாக—

இல்லை. அவளிடம் விட்டால் இதையும் தள்ளிப்போட்டுவிடுவாள். மௌஸில் கை வைத்திருக்கிறாள். அவன் புரூஃபைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்க்கிறான். நீங்களாவது சட்டென்று ஏதாவது சொல்லுங்கள்.