அத்தான் செய்த ஹெலிகாப்டர்

என் அக்காவின் கணவர் சட்டைத் தொழிற்சாலையில் கட்டிங் மாஸ்டராக இருந்தவர். துணியை அடுக்கி வைத்து அவர் வெட்டினால் மேல் துணிக்கும் அடித் துணிக்கும் நூலளவு வித்தியாசம் இருக்காது. சர்க்கரை நோய் கண்ணைக் கொண்டுபோன பிறகு வீட்டோடு முடங்கிவிட்டார். ரேடியோவைப் போடுவார், அணைப்பார். அவ்வளவுதான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் போயிருந்தபோது மாடிக்கு மேலே ஹெலிகாப்டர் ஒன்று தாழப் பறந்து போனது. சத்தம் ஓயும்வரை காது கொடுத்துக் கேட்டவர், "மாப்ளே, கத்திரிக்கோலும் ரெண்டு பிளாஸ்டிக் டம்ளரும் எடு. ரப்பர் பேண்டும் வேணும்" என்றார்.

"கத்திரியா? கைய வெட்டிக்கிட்டா யாரு பாக்குறது?" என்று அடுப்படியிலிருந்து அக்கா கேட்டாள்.

"இத்தனை வருஷம் வெட்டிக்காத கையையா இன்னிக்கு வெட்டிக்கப் போறேன்?"

டம்ளரின் பக்கவாட்டிலிருந்து இரண்டு இறக்கைகளைச் சாய்வாக வெட்டினார். டம்ளரின் வளைவே போதும், தனியாக வளைக்க வேண்டாமாம். கட்டைவிரல் வழிகாட்டிக்கொண்டு முன்னால் போக, கத்திரி அதன் பின்னாலேயே வந்தது. ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். அச்சு அசலாக இருந்தன. அவற்றை ஒரு சின்னக் குச்சியின் இரு முனையிலும் ஒட்டி, நடுவில் கம்பிக் கொக்கி மாட்டினார். கொக்கி ஒரு பாசிமணி வழியாக நீளக் குச்சியின் உச்சியில் உட்கார்ந்தது. அங்கிருந்து அடிவரை ரப்பர் பேண்ட்.

முறுக்கி விட்டார். இறக்கை நகரவில்லை. குச்சிதான் தட்டாமாலை சுற்றி விழுந்தது.

"குச்சிக்குப் பிடிமானம் பத்தல. இறக்கை ஒரு பக்கம் சுத்துனா அது மறுபக்கம் சுத்தத்தான் பாக்கும்" என்றவர், சட்டைப் பெட்டி அட்டையை அகலமாக வெட்டிக் குச்சியில் ஒட்டினார்.

இந்த முறை இறக்கை சுற்றியது, ஆனால் தரையைப் பார்த்துப் பாய்ந்தது. ரப்பர் சரியில்லை என்றேன். அவர் மறுபடி முறுக்கி, குச்சியைக் கையில் பிடித்தபடி, சுழலும் இறக்கைக்கு மேலே கன்னத்தை நீட்டினார்.

"காத்து மேல அடிக்குது. கீழதான அடிக்கணும்? எதிர்ப்பக்கமா முறுக்கணும்."

இரண்டு கண்ணையும் திறந்து வைத்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்த எனக்கு அது தோன்றவில்லை.

எதிர்ப்பக்கம் முறுக்கிக் கையை எடுத்தார். சரசரவென்று ஏறி, கூரையில் முட்டி, அதைத் தட்டிக்கொண்டே மூலைக்குப் போனது. அத்தானின் முகமும் அது போன பக்கமே திரும்பிற்று. கரண்டியோடு வந்து நின்ற அக்கா, "அங்க போகுது பாருங்க" என்றாள். சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"பாத்துக்கிட்டுதான இருக்கேன்" என்றார் அத்தான்.

அலமாரிக்குப் பின்னால் விழுந்ததை அக்காவே துடைப்பத்தால் இழுத்து எடுத்தாள். "இன்னும் கொஞ்சம் முறுக்கினா ரொம்ப நேரம் நிக்குமா?" என்று கேட்டாள்.

அடுத்த வாரம் நான் போனபோது வீட்டில் யாரும் இல்லை. இருவரும் மொட்டை மாடியில் இருந்தார்கள். அக்கா முறுக்கி விட்ட புது ஹெலிகாப்டர் காற்றோடு போய்க்கொண்டிருந்தது.

"போயிடுச்சுங்க."

"எந்தப் பக்கம்?"

"தண்ணித் தொட்டியத் தாண்டி."

"அப்ப அட்டைதான் பெருசு. காத்து இழுத்துட்டுப் போகுது" என்றவர், அடுத்த டம்ளருக்குக் கை நீட்டினார்.