மாலை போட்ட பம்பு

பழனியப்பனைக் கேப்டன் என்றுதான் கூப்பிட வேண்டும். அவர் வாழ்நாளில் ஓட்டியதிலேயே உயரமானது மண் லாரி. ஆனாலும் ஈப்போ நகரில் விமானப் பயிற்சிப் பள்ளி தொடங்க முடிவெடுத்த நாள்முதல் வெள்ளைச் சட்டை, தோளில் நான்கு தங்கக் கோடுகள். மேடைக்கு மேடை ஒரே பேச்சு: ரப்பர் காட்டில் குனிந்த சமுதாயம் இனி வானத்தை ஆளும்.

வானத்தை ஆள அவரிடம் இருந்தது ஒரே ஒரு பழைய விமானம். அதன் எரிபொருள் பம்பும் செத்துப்போயிருந்தது. கேப்டன் இணையத்தில் தேடி, மலிவாக ஒரு பழைய பம்பு வாங்கினார். வந்த அன்றே ஐயரை வரவழைத்துச் சூடம் காட்டி, சந்தனம் பூசி, மாலை போட்டு, பொன்னாடையும் போர்த்திவிட்டார்.

பொன்னாடையை விலக்கி, பம்பில் கட்டியிருந்த அட்டையைப் படித்தவள் ஸ்டோர் பொறுப்பாளர் புனிதா. அவள் கையெழுத்தில்லாமல் மெக்கானிக் எதையும் விமானத்தில் பூட்டமாட்டார். அட்டையில் ‘ஆஸ் ரிமூவ்ட்’ என்றிருந்தது.

“ஓடிக்கிட்டிருந்த பிளேன்லேர்ந்து நேரா கழட்டுனதும்மா. அதான் அப்படிப் போட்டிருக்கான்,” என்றார் கேப்டன்.

புனிதா பொறுமையாக விளக்கினாள். ஓவர்ஹால் என்றிருந்தால் பிரித்து, தேய்ந்ததை மாற்றி, சோதித்துக் கொடுத்தது. சர்வீசபள் என்றால் பரிசோதித்து, பூட்டலாம் என்று ஒருவர் பொறுப்பேற்றது. இது இரண்டுமில்லை. கழற்றினார்கள், அவ்வளவுதான். ஏன் கழற்றினார்கள் என்று எவனும் சொல்லவில்லை. பட்டறைக்கு அனுப்பிச் சோதித்தால்தான் தெரியும்.

கேப்டனுக்கு அதற்கு நேரமில்லை. ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா, வியாழனிலிருந்து பதினோரு மாணவர்கள் பறக்க வேண்டும். சாமி முன்னால் வைத்த பொருளையே சந்தேகப்படுகிறாயா என்றார். சர்வீசபள் என்று எழுதிக் கையெழுத்துப் போடு, இல்லாவிட்டால் வேறு வேலை பார்த்துக்கொள் என்றார். பக்கத்து ஊரான செமோரில் அவளும் அம்மாவும் அந்தச் சம்பளத்தில்தான் சாப்பிட்டார்கள்.

“ஞாயித்துக்கிழமை மொத ரவுண்டு நாந்தான் ஏறிப் பறக்கறேன்னு நீங்க எழுதிக் குடுங்க கேப்டன். கீழயே நான் கையெழுத்துப் போடுறேன் லா.”

கேப்டனுக்குச் சட்டென்று தன் காதுவலி நினைவுக்கு வந்தது. உயரம் ஆகாதென்று டாக்டர் சொல்லியிருக்கிறாராம். ஞாயிறன்று விமானம் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழத்தோடு தரையிலேயே நிற்க, கேப்டன் இறக்கையோரம் நின்று படம் எடுத்துக்கொண்டார். திங்களன்று புனிதாவுக்கு வேலை போனது. அவள் நாற்காலியில் வந்து உட்கார்ந்த கேப்டனின் மச்சினன், காப்பி ஆறுவதற்குள் சர்வீசபள் என்று கையெழுத்துப் போட்டுவிட்டதாக மெக்கானிக் போனில் சொன்னார்.

அட்டையை அவள் முன்பே படம் பிடித்திருந்தாள். பதினோரு வீட்டுக்கும் விமானத்துறைக்கும் அதை அனுப்பினாள். வியாழனன்று ஒருவரும் வரவில்லை. மறுவாரம் விமானம் பறக்கக் கூடாதென்று உத்தரவு வந்தது.

வேலை போனதை அம்மாவிடம் சொல்லவில்லை. காலையில் கிளம்பி, ஈப்போவில் வேலை தேடி அலைந்து, சாயங்காலம் திரும்பினாள்.

தீபாவளிக்கு முந்தின வாரம் அம்மா மாரியம்மா ஓர் அரிசிப் பையோடு வந்தாள். ரப்பர் தோட்டத்து முன்னாள் தொழிலாளிகளைப் பஸ் வைத்து அழைத்துப்போய் யாரோ அன்பளிப்பு கொடுத்தார்களாம். யாரென்று கேட்க வேண்டியிருக்கவில்லை. பையின்மேல் நான்கு கோடுகளோடு கேப்டன் சிரித்துக்கொண்டிருந்தார்.

“ஒங்க கேப்டன் அழுதுட்டாருடி. நம்ம புள்ளைங்க பறக்கறது பொறுக்காம எவளோ காட்டிக் குடுத்துட்டாளாம். ஒன் வேலைக்கும்ல ஒல வச்சிருப்பா, பாவி. நாங்க எல்லாரும் மண்ண வாரித் தூத்திட்டு வந்தோம்.”

புனிதா பையைப் பிரித்தாள். அரிசியில் வண்டு ஊர்ந்தது. பையைத் திருப்பிப் பார்த்தாள். முதல் தரம் என்று அச்சிட்டிருந்தது.

“அலசிப் போடுடி,” என்றாள் அம்மா. “சாமி முன்னாடி வச்சுக் குடுத்தது.”