அக்கா பார்த்த ஆணி

அக்கா ஜன்னலில் நின்று பார்த்த லாரி, எல்லைச் சாவடிக்குப் போய்ச் சேர்வதற்குள் மூவாயிரத்து இருநூறு கிலோ எடை கூடியிருந்தது. ஊர் எடைமேடையில் கொடுத்த சீட்டில் பத்து டன் ஆணி என்றிருந்தது. சாவடி எடைமேடையில் முள் பதின்மூன்றைத் தாண்டி நின்றது. அதிகாரிகள் பெட்டிகளை இறக்கி, தங்கமோ துப்பாக்கியோ அகப்படும் என்ற ஆசையில் இரண்டு நாள் கிண்டினார்கள். ஆணிதான் இருந்தது. எண்ணிக்கை சரி, நீளமும் சரி, ஆனால் ஒவ்வோர் ஆணியும் இருக்க வேண்டியதைவிடக் கொஞ்சம் கனத்தது. கனமான ஆணியைத் தடுக்க இரு நாட்டுச் சட்டத்திலும் இடமில்லாததால் லாரியை விட்டுவிட்டார்கள்.

ஆணி தங்கையுடையது. அக்காவுக்கும் ஆணிப் பட்டறைதான், தெருவின் எதிர்ச் சாரியில், மேலே வீடு, கீழே பட்டறை. அப்பா போனபின் நான்கு இயந்திரங்களை ஆளுக்கு இரண்டாகப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒரே கம்பி, ஒரே அச்சு. இரண்டு பேருடைய ஆணியையும் ஒரு தட்டில் கொட்டினால் செய்தவர்களாலேயே பிரிக்க முடியாது. அண்டை நாட்டோடு வியாபாரத்தைப் பெருக்க மாநில அரசு மாநாடு போட்டு, அங்கிருந்து ஒரு பஸ் நிறைய வியாபாரிகள் வந்திறங்கிய மத்தியானம் வெயில் மண்டையைப் பிளந்தது. நிழல் தங்கையின் பக்கம் விழுந்திருந்தது. வந்தவர்கள் நிழலில் ஒதுங்கினார்கள், தங்கை நாற்காலி போட்டாள், ஆர்டர் முடிந்தது. அக்கா அன்று இஸ்திரி மடிப்புக் கலையாமல், மாதிரி ஆணிகளை நீளவாரியாக அடுக்கி வைத்துக்கொண்டு காத்திருந்தாள். ஒருவரும் ரோட்டைக் கடக்கவில்லை. தொழிலில் தோற்றிருந்தால் அவளுக்கு மனசு ஆறியிருக்கும். நிழலிடம் தோற்றதுதான் ஆறவே இல்லை.

மாதம் ஒரு லாரி போயிற்று. அக்கா பல் பிடுங்கிக்கொண்டு ஆஸ்பத்திரியில் படுத்திருந்த மாதம் எடை கிராம் பிசகவில்லை. அவள் திரும்பி வந்த மாதம் மறுபடி கூடியது. விஷயத்தைக் கண்டுபிடித்தவர் டிரைவர். "உங்கக்கா ஜன்னல்ல நின்னாங்கன்னா, தெருமுனை திரும்புறதுக்குள்ளயே டயர் அமுங்குதும்மா," என்று தங்கையிடம் சொன்னார். தங்கைக்கு முதலில் அழுகை வந்தது, பிறகு கோபம் வந்தது, பிறகு போய் ஒரு தார்ப்பாய் வாங்கி வந்தாள். அடுத்த மூன்று லாரிகள் மூடிக்கொண்டு போயின, எடை கூடவில்லை. ஆனால் அண்டை நாட்டிலிருந்து புகார் வந்துவிட்டது. முன்பு வந்த ஆணியில் மாட்டியது எதுவும் விழுந்ததில்லையாம்: அலமாரி, ஆளுயரக் கண்ணாடி, சைக்கிள், பந்தயம் கட்டித் தொங்கிய ஒரு மாப்பிள்ளை கூட. இப்போது வருவது காலண்டரைத் தாங்கவில்லை. பழைய ஆணிதான் வேண்டும் என்று எழுதியிருந்தார்கள்.

தங்கை தார்ப்பாயை மடித்து உள்ளே வைத்தாள். அவள் கெட்டவள் இல்லை, ஆனால் வியாபாரம் தெரிந்தவள். லோடு ஏற்றும் நாளில் புதுக் காரை அக்காவின் ஜன்னலுக்கு நேராக நிறுத்தினாள். பெயர்ப்பலகையைப் பெரிதாக்கி, அதில் விளக்குப் போட்டாள். மறுமுனையில் ஆளே இல்லாத ஃபோனில் விழுந்து விழுந்து சிரித்தாள். அக்கா பார்த்தாள், பார்க்காமல் இருக்க அவளால் முடியவில்லை. கூடிய எடை மூன்று டன்னிலிருந்து நாலாகி ஐந்தானது, லாரியை மாற்றிப் பெரிய வண்டியாக வைத்தார்கள்.

ஒரு நாள் செய்தி அக்காவின் காதுக்கும் எட்டியது. தான் புழுங்கப் புழுங்கத்தான் தங்கை செழிக்கிறாள் என்று தெரிந்தபோது அவள் அன்றைக்கே கொத்தனாரைக் கூப்பிட்டு ஜன்னலைச் செங்கல்லால் அடைத்தாள். எடை குறையவில்லை. தார்ப்பாய் தடுத்த காலம் போய், பொறாமை இப்போது சுவர் தாண்டப் பழகியிருந்தது. அடுத்த முறை லாரி கிளம்பும் சத்தம் கேட்டதும் கண்ணை இறுக மூடிக்கொண்டு, "நல்லா இருக்கட்டும், நல்லா இருக்கட்டும்" என்று நாற்பது தடவை சொன்னாள். அன்று பாரம் தாங்காமல் லாரியின் அச்சே முறிந்தது. காற்றாவது வரட்டும் என்று செங்கல்லைப் பிரித்துப் போட்டாள்.

ஏழாம் வருடம் அண்டை நாட்டுக் கம்பெனி ஒன்று தங்கையின் பட்டறையில் முதலீடு செய்ய முன்வந்தது. பெரிய ஆலை, நூறு பேருக்கு வேலை. டிரைவர் வழியாக விஷயம் அங்கேயும் போயிருந்ததால் ஒரே நிபந்தனை: அக்காவின் ஜன்னலும் ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும். கம்பெனிக்காரர், மொழிபெயர்ப்பாளர், தங்கை மூன்று பேரும் அக்காவின் மாடிக்கு ஏறினார்கள். அந்தப் படியில் தங்கை கால் வைத்தே ஏழு வருடம் ஆகியிருந்தது.

"என் வயித்தெரிச்சலுக்கா பங்கு குடுக்கறீங்க?" என்று கேட்டாள் அக்கா.

"சரிபாதிக்கா," என்றாள் தங்கை. "போர்டுலயும் உன் பேருதான் முதல்ல."

"பாதி எனக்கு வந்துட்டா, அப்புறம் நான் எதைப் பார்த்துடி எரியறது?"

அதை யாரும் யோசித்திருக்கவில்லை. மொழிபெயர்ப்பாளர் அதை மெதுவாகத் தங்கள் மொழியில் சொன்னார், கம்பெனிக்காரர் தலையைச் சொறிந்தார். கையெழுத்துப் போட்டால் ஆணி வெறும் ஆணியாகிவிடும், ஆலையும் போய்விடும் என்று அக்காவுக்கு நன்றாகத் தெரிந்தது. ஆனாலும் ஏழு வருடம் ஏங்கியது தானாக வாசலேறி வந்து நிற்கும்போது வேண்டாம் என்று சொல்ல அவளுக்கு வாய் வரவில்லை. பேனாவை வாங்கிக் கையெழுத்தைப் போட்டுவிட்டாள்.

புதுப் பெயரில் முதல் லாரி கிளம்பிய அன்று கம்பெனிக்காரர் அக்காவோடு நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்; தங்கை அதில் அரைத் தோளாக விழுந்தாள். எது கேட்டாலும் அவர் அக்காவைத்தான் கேட்டார். அக்கா மாடிக்குப் போய் லாரியைப் பார்த்தாள். உள்ளே ஒன்றுமே எரியவில்லை. பசித்தது, வெகு நாளைக்குப் பிறகு. எல்லாவற்றையும் கெடுத்துவிட்டோம் என்று பயந்துகொண்டே சாயங்காலம் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள். டிரைவர் சாவடியிலிருந்து ஃபோன் செய்தார். ஏழு டன் கூட, என்றார்.

அக்கா திரும்பினாள். தங்கை பின்னால், லாரி போய் வெகுநேரமான தெருவையே பார்த்தபடி நின்றிருந்தாள்.

"இத்தனை வருஷமும் உனக்கு இப்படித்தான் இருந்துச்சாக்கா?"

"ஆமாடி," என்றாள் அக்கா. "சாப்பிட உக்காரும்போதுதான் ரொம்ப."

இரண்டு பேரும் அன்று ஒன்றாகச் சாப்பிட்டார்கள். அதன்பின் ஒரு வருடம் அக்காவின் பெயர் முதலில், மறு வருடம் தங்கையின் பெயர் முதலில் என்று பலகையை மாற்றி மாற்றி எழுதுகிறார்கள். ஆலை நன்றாக நடக்கிறது. எல்லைச் சாவடியின் எடைச் சீட்டில் வண்டி, சரக்கு என்ற இரண்டு கட்டங்களுக்கும் கீழே பொறாமை என்று மூன்றாவது கட்டம் அச்சாகி வருகிறது. அதற்கு இரு நாடுகளிலும் சுங்கம் கிடையாது.