கத்தரிக்குக் கேன் தண்ணீர்

ஆம்பூர் ஷூ கம்பெனியில் தோலுக்குத் துளை போடும் பஞ்ச் கருவியை இரவல் வாங்கி வந்து, அரசாங்கம் இலவசமாகப் போட்டுக் கொடுத்த சொட்டுநீர்க் குழாய்களில் ஓட்டை போட்டான் பூவரசன். அது சரியா தப்பா என்பது அவனுக்கு அன்றைக்கும் தெரியவில்லை, இன்றைக்கும் தெரியவில்லை. தோல் பட்டறைக் கழிவு ஊறிய கிணறு. அதன் உப்பு வெள்ளையாகப் படிந்து குழாயின் ஊசித் துளைகளை அடைத்துவிட்டது. அவன் அப்பா மதியழகனின் கத்தரிச் செடிகள் தலை தொங்கின. ஓட்டையைப் பெரிதாக்கியதும் தண்ணீர் பீய்ச்சியடித்தது, செடிகளும் நிமிர்ந்தன.

போன வாரம் மோட்டார் புகைந்து நின்றது. மானியத்தில் புது மோட்டார் கேட்டிருந்தார்கள். பார்வையிட வந்த தோட்டக்கலை அதிகாரி யோகலட்சுமி குழாயைத் தூக்கிப் பார்த்தார். இதை யார் செய்தது என்று கேட்கவில்லை. சொட்டுநீர் ஓடுகிற நிலத்துக்குத்தான் மோட்டார் என்று மட்டும் சொன்னார்.

“மோட்டார் இருந்தாத்தானே மேடம் அது ஓடும்?” என்றார் மதியழகன்.

“எனக்குத் தெரியாதாங்க ஐயா? போட்டோல சொட்டு தெரியணும். இல்லன்னா மேலிடத்துல தள்ளுபடி பண்ணிடுவாங்க.”

மதியழகன் மகனை வீட்டுக்கு அனுப்பினார். வீட்டுப் பரணில் ஓட்டை போடாத குழாய் ஒரு சுருள் மிச்சம் இருந்தது; அதை எடுத்து வந்து முதல் வரிசையில் விரித்தான். தண்ணீர்தான் இல்லை, மோட்டார் வைத்த பிறகு கிணற்றுக்குக் கயிறும் வாளியும் எதற்கு என்று விட்டிருந்தார்கள். கடைசியில் அம்மா சாவித்திரி குடிக்க வாங்கி வைத்திருந்த தண்ணீர்க் கேன் வந்தது. அதைக் கிணற்று மேட்டில் கவிழ்த்து, குழாயின் முனையை அதன் வாயில் சொருகிப் பிடித்தான் பூவரசன். முதல் வரிசைச் செடிகளின் அடியில் சொட்டுச் சொட்டாக நல்ல தண்ணீர் விழுந்தது. யோகலட்சுமி குனிந்து படம் எடுத்தார். மோட்டார் வர இரண்டு மாதம் ஆகலாம், எழுதிவிடுகிறேன் என்றார்.

“வந்தப்புறம் எந்தக் குழாயைப் போடறது மேடம்?” என்று கேட்டான் பூவரசன்.

“போட்டோல இருக்கறதைத்தான். மறுபடியும் பார்க்க வருவாங்க.”

“அதுவும் அடைச்சுக்குமே.”

“அடைச்சுக்கும்” என்று ஒத்துக்கொண்டு, அவர் வண்டியை எடுத்தார்.

மோட்டார் கிடைத்துவிடும் என்று மதியழகன் சந்தோஷப்பட்டார். பூவரசனும் சந்தோஷப்படத்தான் பார்த்தான். ஆனால் அந்த வரிசை தவிர மற்றச் செடிகளெல்லாம் வாடிக் கிடந்தன. இரண்டு மாதம் கழித்து வரும் மோட்டார் எதற்குத் தண்ணீர் இறைக்கும்? ஏமாற்றியது தாங்களா, ஏமாந்ததும் தாங்கள்தானா என்று யோசிக்க யோசிக்கக் குழம்பியது.

காலிக் கேனின் மேல்பாகத்தைக் கத்தியால் அறுத்தான். இரண்டு பக்கமும் அந்தப் பஞ்ச் கருவியால் துளை போட்டு, துணி காயும் கொடிக்கயிற்றை அவிழ்த்துக் கட்டினான்.

கிணற்றை ஒட்டிய வீட்டு வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்த சாவித்திரி, “நாளைக்குக் கேன்காரன் வந்து காலிக் கேனைக் கேட்டா இன்னாடா சொல்றது?” என்றாள்.

பூவரசன் கேனைக் கிணற்றுக்குள் இறக்கினான்.